உபரி ஆட்கள் யார்? லூயிஸ், அம்பேத்கர், திண்டுக்கல்

1

'வளர்ச்சி' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை. வளர்ச்சி, தன்வினையிலிருந்து பிறந்த பெயர். 'தேசம் வளர்கிறது', 'திண்டுக்கல் எவ்வளவோ வளந்துருச்சு' என்று சொல்லும்போது யார் வளர்த்தது, எதை உரமாகப் போட்டு வளர்த்தது என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. மரம் வளர்கிற மாதிரி தேசமும் தானாக வளர்ந்துகொள்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பொருளாதாரத்துக்குள் நுழைய இந்த இலக்கண வாசல்தான் கிடைத்தது. வாசல் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நாம் கவிதை எழுதினோம், சிறுகதை எழுதினோம், தன்வரலாறு எழுதினோம். நம்மைத் தாழ்த்திய புராணங்களைக் கட்டுடைத்தோம். ஆனால் இன்றைக்கு நம் தெருவின் தலைவிதியை எழுதுகிற பெருங்கதையாடல் புராணம் அல்ல, வளர்ச்சிதான். எந்தக் கட்சி மேடையானாலும் சாலை, ஆலை, ஏற்றுமதி, சதவீதம். இதை மட்டும் 'அது எக்கனாமிக்ஸ், நமக்கு எதுக்கு' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். உழைத்த அனுபவத்தை நாம் எழுதுவோம், உழைப்பைப் பற்றிய கோட்பாட்டை மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டால் அதுவும் ஒரு சாதி வேலைப்பிரிவினைதான் தோழர்களே.

இங்கே இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து வாசிக்கிறேன். ஒன்று, 1954இல் ஆர்தர் லூயிஸ் எழுதியது. வளர்ச்சிப் பொருளாதாரம் என்ற படிப்பே அதன் மேல்தான் எழும்பி நிற்கிறது என்று சொல்லலாம். மற்றொன்று, 1918இல் அம்பேத்கர் எழுதியது. அதைப் பாடமாக வைத்த பொருளாதார வகுப்பு எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. வாசிக்கிற இடம் திண்டுக்கல். பூட்டுக்கும் புகையிலைச் சுருட்டுக்கும் பேர் வாங்கிய ஊர்தான். ஆனால் தேசியப் பொருளாதாரத்தோடு இந்த ஊரைக் கட்டிப்போட்ட கயிறுகள் இரண்டு. ஒன்று தோல், மற்றொன்று நூல். இரண்டையும் முறுக்கியவை நம் கைகள்.

2

வளர்ச்சி பற்றிய சிந்தனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பின்தங்கிய ஜெர்மனி தன் தொழில்களைக் காப்புவரி போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இல் எழுதினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து போகிறது என்று தாதாபாய் நௌரோஜி 1901இல் புத்தகம் போட்டுக் கணக்குக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற பிறகு, ஏழை நாடு எப்படிப் பணக்கார நாடாகும் என்பது தனிப் படிப்பாகவே ஆனது. எல்லா நாடுகளும் ஐந்து படிகளில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றார் ரோஸ்டோவ் (1960). வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடும், போகப்போகக் குறையும் என்ற ஊகத்தை முன்வைத்தார் குஸ்நெட்ஸ் (1955).

இந்தக் கடைசிக் கருத்து நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. நெல்லுக்கு இறைத்தால் புல்லுக்கும் கசியும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கசிந்ததா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. யார் நெல், யார் புல் என்பதைத் தண்ணீர் இறைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்ட உவமை அது.

இந்த வரிசையில் லூயிஸ் தனியாக நிற்கிறார். கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் 1915இல் பிறந்த கறுப்பர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததி. எஞ்சினியர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கறுப்பு எஞ்சினியருக்குக் காலனி அரசாங்கமும் வேலை தராது, தோட்ட முதலாளியும் தரமாட்டான் என்பதால் அதை விட்டுவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். 1939இல் மேற்கிந்தியத் தீவுகளின் தொழிலாளர் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதினார். 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அவருக்கும் ஷுல்ட்ஸுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆகவே அவரை 'வெள்ளைக்காரன் கோட்பாடு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. நம் பக்கத்து ஆளாக நினைத்துத்தான் நான் அவரிடம் சண்டைக்குப் போகிறேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழை நாட்டுப் பொருளாதாரத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று பிழைப்புப் பகுதி: சிறு விவசாயம், அன்றாடக் கூலி, வீட்டு வேலை, சில்லறை வியாபாரம். இன்னொன்று மூலதனப் பகுதி: ஆலை, சுரங்கம், தோட்டம். பிழைப்புப் பகுதியில் தேவைக்கு மேல் ஆட்கள் மண்டிக் கிடக்கிறார்கள். பத்துப் பேர் பார்க்கிற வேலையில் மூன்று பேர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் குறையாது. அந்த மூன்று பேர்தான் உபரி. அவர்களை ஆலைக்கு இழுக்க, பிழைப்புக் கூலியைவிடச் சுமார் முப்பது சதவீதம் கூடக் கொடுத்தால் போதும். உபரி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறவரை கூலியை ஏற்ற வேண்டியதில்லை. லாபம் பெருகும், லாபம் மறுபடி முதலாகும், புது ஆலைகள் வரும். என்றைக்கு உபரி தீர்கிறதோ அன்றைக்குத்தான் கூலி ஏறத் தொடங்கும். அதுவரைக்கும் வரைபடத்தில் கூலிக்கோடு சமதளமாகவே ஓடும்.

அழகான கோட்பாடு. பேச்சில் கூட சுலபமாகச் சொல்லிவிடலாம். அதனால்தான் திட்டக்குழுக்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அது பிடித்துப்போனது. ஆனால் அந்த மூன்று பேர் யார்? பத்துப் பேரில் எந்த மூன்று பேரை 'இவங்க போனா ஒண்ணும் குறையாது' என்று ஊர் முடிவு செய்கிறது? லூயிஸின் உபரி ஆளுக்குப் பேர் கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது. திண்டுக்கல் சமவெளியில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

3

இப்போது 1918க்குப் போவோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுத் திரும்பி, பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த ஆண்டு. இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றியும் அதற்கான தீர்வு பற்றியும் அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துக்காணி நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டால் விவசாயம் உருப்படும் என்பது அன்றைய நிபுணர்களின் வாதம். அம்பேத்கர் அதைத் திருப்பிப் போட்டார். நிலம் பெரிதா சிறிதா என்பது தன்னளவில் ஒன்றையும் சொல்லாது. அந்த நிலத்துக்கு எவ்வளவு முதல், எத்தனை ஆள், என்ன கருவி என்ற பொருத்தம்தான் முக்கியம் என்றார். இந்தியாவில் முதல் கொஞ்சம், நிலத்தை நம்பி நிற்கிற ஆட்கள் அதிகம். வேலையில்லாமல் சும்மா நிற்கிற உழைப்பு எதையும் ஆக்குவதில்லை. ஆனால் ஆக்கியதைத் தின்றாக வேண்டும். அந்த உழைப்பை இழுத்துக்கொள்ளத் தொழில்மயமாக்கம் வேண்டும். விவசாயத்தின் நோய்க்கு மருந்து விவசாயத்துக்கு வெளியே இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

கவனியுங்கள். உபரி உழைப்பு என்ற கருத்தின் சாரம் இதுதான். லூயிஸுக்கு 36 வருஷம் முந்தி, 27 வயது இளைஞர் ஒருவர் இதை எழுதிவிட்டார். அம்பேத்கரின் எழுத்துகளை மகாராஷ்டிர அரசு தொகுத்து முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். லூயிஸ் நோபல் வாங்கிய அதே வருஷம். இந்தக் கட்டுரை அந்த முதல் தொகுதியிலேயே இருக்கிறது. கையில் கிடைத்தது, பாடத்திட்டத்துக்குள் போகவில்லை. அம்பேத்கர் என்றால் அரசியல் சட்டம், இடஒதுக்கீடு என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கும் ஒரு சேரி ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் 'எங்க ஆளு முன்னாடியே சொல்லிட்டாரு' என்று பெருமை பேச நான் இதை எழுதவில்லை. முந்திச் சொன்னதைவிட, சொன்ன இடத்திலேயே நின்றுவிடாமல் அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பதுதான் நமக்குப் பாடம்.

1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. லூயிஸ் மொழியில் சொன்னால் அது மூலதனப் பகுதி. கொங்கணத்திலிருந்து கிளம்பி வந்த உபரி ஆட்கள் நவீனத் தொழிலாளியான இடம். அங்கே நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. நூல் அறுந்தால் நாடாவில் வாய் வைத்து உறிஞ்சிக் கோக்க வேண்டும்; எச்சில் படும். அதனால் கூலி அதிகமுள்ள நெசவு சாதி இந்துத் தொழிலாளிக்கு, கூலி குறைந்த வேலை நம் ஆட்களுக்கு. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் இல்லை என்று அம்பேத்கர் கேட்டார். ஆலைக்குள் எந்திரம் ஓடியது, நீராவி ஓடியது, சம்பளப் பட்டுவாடா நடந்தது. ஒரு துளி எச்சிலில் முழுக் கிராமமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பது சதவீதக் கூடுதல் கூலி யாருக்கு, எந்தப் பிரிவில் என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை.

1936இல் சாதி ஒழிப்பு பற்றிய உரையில் இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். சாதியை வேலைப்பிரிவினை என்று நியாயப்படுத்துகிறவர்களுக்கு அவர் கொடுத்த பதில், அது உழைக்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைக்கிற ஏற்பாடு என்பது. ஒரு தொழில் நசிந்தால் அடுத்த தொழிலுக்குப் போகவிடாமல் தடுப்பதால் வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்றும் வாதிட்டார். 1918இல் வேலையற்ற உழைப்பை முதல் பற்றாக்குறையின் விளைவாகப் பார்த்தவர், 18 வருஷம் கழித்து அந்த உழைப்பு ஏன் நகர முடியாமல் நிற்கிறது என்பதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். லூயிஸின் கோட்பாட்டில் விடுபட்ட பக்கம் இதுதான். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகளையும் ஒன்றாகச் சொன்னதற்குப் பின்னால் இந்தப் பொருளாதாரம் இருக்கிறது.

4

இனி திண்டுக்கல். கமலை கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் தோல் இல்லாமல் விவசாயம் இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வரத் தோல் வேண்டும். மாட்டுக்கு வார் வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்திக் கமலைக்குத் தைத்துக் கொடுத்தவர்கள் சக்கிலியர்கள். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் ஓரமாக நின்றால் தானியம் அளந்து போடுவார்கள். இதைத்தான் பொருளாதாரக்காரர்கள் பிழைப்புப் பகுதி என்கிறார்கள். இவர் போனால் விளைச்சல் குறையாது என்று எந்தச் சம்சாரியாவது சொல்லியிருப்பாரா? கிணற்றுத் தண்ணீரே மேலே வராது. தேவைப்படாத ஆளுக்கு அல்ல, தேவைப்பட்ட ஆளுக்குத்தான் ஓரத்தில் நிற்கவைத்துக் கூலி அளந்தார்கள். பம்புசெட்டு வந்த பிறகு கமலை போனது. அன்றைக்குத்தான் அவர் உண்மையிலேயே உபரி ஆனார்.

போன இடம் தோல் ஷாப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பாதித்தோல் திண்டுக்கல்லிலிருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும் பாதித்தோல் ஏற்றுமதிக்கு வரம்பும் போட்டது. முழுசாகப் பதனிட்ட தோலாக, செருப்பாக, பையாக விற்றால் அந்நியச் செலாவணி கூடும், மதிப்பு கூடும். லிஸ்ட் ஜெர்மனிக்குச் சொன்ன அதே பாடம்தான். தேசத்தின் கணக்கில் அது சரியான கொள்கை என்றே சொல்ல வேண்டும். கூடிய மதிப்பு எந்தப் படியில் கூடியது, எந்தப் படியில் நின்றவருக்குச் சேர்ந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்குவது, மயிர் களைவது, சவ்வு எடுப்பது ஆகிய ஈர வேலைகள் நம் ஆட்களிடமே நின்றன. ஆவாரம்பட்டை போய் குரோமிய உப்பு வந்தது. வேலையின் வேதியியல் மாறியது; வேலையின் சாதி மாறவில்லை.

என் அப்பத்தா கொஞ்ச காலம் ஒரு ஷாப்பில் மயிர் பொறுக்கப் போனவர். வளர்ச்சி பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். "கம்மாக்கரையில வேல பாத்தப்ப கும்பினி கஞ்சிய மரத்தடியில ஊத்துனாங்க. ஷாப்புல காசாக் குடுத்தாங்க, அது நெசந்தான். ஆனா அந்தக் காசக் கொண்டு போயி கடையில நீட்டுனா, 'அங்கன வச்சிட்டுப் போ'ம்பான். கையில வாங்க மாட்டான். வாட அடிக்குதாம்." இதில் காசு என்பது முன்னேற்றம். அதை நான் மறுக்கவில்லை, அப்பத்தாவும் மறுக்கவில்லை. காசு கூலியை மாற்றியது, வாங்குகிற கையை மாற்றவில்லை என்பதைத்தான் அவர் சொன்னார்.

இந்த உலகத்தை எழுத்தில் கொண்டுவந்தவர் டி. செல்வராஜ். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர், இடதுசாரி. 2010இல் வெளிவந்த அவருடைய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய வரலாறு அது. பொருளாதார வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாத உபரி ஆளுக்கு நாவல் பேரும் உடம்பும் கோபமும் கொடுக்கிறது. அந்த வகையில் லூயிஸுக்கு வந்த நல்ல மறுப்புகளில் ஒன்று திண்டுக்கல்லில் நாவலாக எழுதப்பட்டிருக்கிறது என்றே சொல்வேன். சங்கம் கூலியை உயர்த்தும், அடியை நிறுத்தும், நிமிர்ந்து நிற்க வைக்கும். குழிக்குள் இறங்குகிற வேலை ஏன் அதே தெருவுக்கு மட்டும் என்ற கேள்வி சங்கம் வந்த பிறகும் மிச்சமிருக்கிறது. வர்க்கம் திரண்டால் சாதி கரையும் என்று நம்பிய தோழர்கள் இந்த மிச்சத்தை இன்னும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. தீர்ப்பில் இரண்டு தகவல்கள் அருகருகே கிடக்கின்றன. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பது ஒன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பது இன்னொன்று. முதல் எண் தேசிய வருமானத்தில் ஏறும். இரண்டாவது எங்கேயும் ஏறாது. கெட்ட கிணற்றுக்குப் பதிலாக லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினால் அந்த விலையும் வளர்ச்சிக் கணக்கில் கூடத்தான் சேரும். தண்ணீரைக் கெடுத்தாலும் வளர்ச்சி, கெட்ட பிறகு விற்றாலும் வளர்ச்சி.

தீர்ப்பு வரவேற்க வேண்டியது. ஆனால் அது கிணறுகளை எண்ணியது. எந்தக் கிணறு ஊருக்கு, எந்தக் கிணறு சேரிக்கு என்று கேட்கவில்லை. குழிக்குள் நின்ற கால்களும் அதன் கணக்கில் வரவில்லை. ஷாப்பு மூடினால் கூலி போகும், திறந்தால் தண்ணீர் போகும் என்ற இடுக்கில் நின்றவர்கள் ஒரே தெருவில் இருந்தவர்கள்.

5

தோலுக்கு அடுத்தது நூல். வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால் மில்லுகளைப் பார்க்கலாம். அதிகாலையில் கிராமம் கிராமமாக வந்து நிற்கிற மில் வேன்களையும் பார்க்கலாம். வீட்டு வேலையிலிருந்து பெண்கள் கூலி வேலைக்கு மாறுவது வளர்ச்சியின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்று லூயிஸ் எழுதினார். வெளியே வருவது விடுதலை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எப்படி வெளியே கொண்டுவந்தார்கள் என்பதுதான் கேள்வி.

சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்தார்கள். மாங்கல்யத் திட்டம் என்றும் சொன்னார்கள். கேம்ப் கூலி என்றும் நம் பெண்கள் சொல்லுவார்கள். பதின்வயதுப் பெண்ணை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணத்துக்கு உதவும் என்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகக் கொடுப்பது. நடுவில் நோய் வந்து நின்றுவிட்டால் அந்த மொத்தமும் சந்தேகம். வந்த பெண்களில் பெரும்பகுதி தலித் வீடுகளிலிருந்து. நிலம் இல்லாத வீடு, வரதட்சணை கேட்கிற சமூகம், வெளியே போனால் கேள்வி கேட்கிற ஊர் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை லூயிஸின் முப்பது சதவீதம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவருடைய கோட்பாட்டில் கூலி கூடினால்தான் ஆள் நகரும். இங்கே தாலி என்று சொன்னாலே போதும், கூலி தள்ளிப்போடப்படும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் பெண்கள் தலைமையில் இயங்குவது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் விடவில்லை. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருந்த தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு போராடி, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். எச் அண்ட் எம் கையெழுத்துப் போட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் பேர் சொல்லித் தடை செய்தது. தொழிற்சாலைக்குள் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களுக்கே சங்கம் பயிற்சி கொடுத்தது.

இதை நான் வெறும் தொழிற்சங்க வெற்றியாகப் பார்க்கவில்லை. கோட்பாட்டு வெற்றியாகவும் பார்க்கிறேன். 1928இல் பம்பாய் ஆலையில் அம்பேத்கர் கேட்ட கேள்விக்கு, ஆலைக்குள் சாதி இருக்கிறது, அதைக் கோரிக்கையில் எழுது என்பதற்கு, 94 வருஷம் கழித்துத் திண்டுக்கல்லில் பதில் எழுதியவர்கள் 'உபரி' என்று எண்ணப்பட்ட வீடுகளின் பெண்கள். அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

6

மறுபடி அந்தச் சமதளமான கூலிக்கோட்டுக்கு வருகிறேன். உபரி ஆட்கள் நிறைய இருப்பதால் கூலி ஏறாது என்பது கோட்பாடு. ஆனால் லூயிஸே ஓர் இடத்தில் உண்மையைத் தொட்டுவிட்டுப் போகிறார். பிழைப்புப் பகுதியில் உற்பத்தி கூடினால் கூலியும் கூடக் கொடுக்க வேண்டிவரும். எனவே அங்கே இருப்பவர்களை வறுமையிலேயே வைத்திருப்பது முதலாளிகளுக்கு லாபம் என்கிறார். ஆப்பிரிக்காவில் நிலத்தைப் பிடுங்கியதை உதாரணம் காட்டுகிறார். இதை அவர் இன்னும் இரண்டு அடி நடந்திருந்தால் நம் வீட்டு வாசலுக்கு வந்திருப்பார். உபரி இயற்கையாக இருப்பதில்லை, அதை ஆக்குகிறார்கள், ஆக்கிய நிலையிலேயே பிடித்தும் வைக்கிறார்கள் என்பதுதான் அந்த இரண்டு அடி.

எப்படி ஆக்கினார்கள்? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஆங்கில அரசு தாழ்த்தப்பட்டோருக்கு என்று நிலம் ஒதுக்க ஆணை போட்டது. பஞ்சமி நிலம். வேறு சாதிக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிலம் போன வீடுதான் உபரி ஆட்களை அனுப்புகிற வீடு. கூலியை எப்படிப் பிடித்து வைத்தார்கள்? 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய வீடுகளின் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். வரைபடத்தில் நேராக ஓடுகிற அந்தக் கோட்டைச் சந்தையும் மக்கள்தொகையும் மட்டும் நேராக வைத்திருக்கவில்லை. தீயும் தேவைப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கிராமத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டியை ஒட்டி, 1947இல் காந்திகிராமம் தொடங்கினார்கள். கல்வியிலும் மருத்துவத்திலும் அங்கே நடந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் தன்னிறைவுக் கிராமம் என்ற கனவில் சேரி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. ஆலை வேண்டாம் என்று சொல்கிற சொகுசு நமக்கு இல்லை. கமலைக்கும் களத்துமேட்டுத் தானியத்துக்கும் நாம் திரும்பப் போவதில்லை.

அம்பேத்கரும் திரும்பவில்லை, முன்னாலேதான் போனார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பை வகித்தவர். 1946இல் ஆலை வேலை வாரத்துக்கு 54 மணி நேரத்திலிருந்து 48 ஆகக் குறைந்ததில் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும், விவசாயமும் அரசுத் தொழிலாக வேண்டும், நிலத்தைச் சாதி பார்க்காமல் கிராம மக்களுக்குக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், நிலப்பிரபுவும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இல்லாமல் போக வேண்டும் என்று எழுதினார். அதையும் சட்டத்திலேயே எழுதிவை, வருகிற பெரும்பான்மையின் தயவுக்கு விடாதே என்றார். ஆலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று தோன்றக்கூடிய 1918இலிருந்து, நிலத்தையும் சாதியையும் தொடாமல் ஆலை வந்தால் ஆலையும் ஊராகவே ஆகும் என்ற 1947க்கு அவர் நடந்த தூரம் இது. அரசு முதலாளியானால் மட்டும் போதுமா என்று இன்றைக்கு நாம் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் அவர் நிறுத்திய இடத்திலிருந்து வாதாட வேண்டும். வளர்ச்சிப் பொருளாதாரம் அந்தத் தூரத்தில் பாதிகூட நடக்கவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் பக்கங்களில் வருகிற சாட்சியங்களை வெறும் துயரக் கதைகளாக வாசிக்காதீர்கள். மில் பெண் தன் மூன்று வருஷத்தைச் சொல்லும்போது கூலிக்கோட்பாடு பேசுகிறாள். கிணறு கெட்ட கதை தேசிய வருமானத்தின் மேல் எழுப்புகிற தணிக்கை ஆட்சேபணை. பொருளாதாரம் படிக்கிறவர்கள் வகுப்பில் லூயிஸ் வரும்போது எழுந்து நின்று 1918ஐக் கேளுங்கள். அடுத்த முறை யாராவது மேடையேறி இத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறோம் என்று சொன்னால், கூட்டல் தப்பா சரியா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுவாய் யார் என்று கேளுங்கள். நிலத்தை எடுத்து, தெருவை ஒதுக்கி, கூலியைப் பிடித்து வைத்து நம்மை உபரி ஆக்கியது யார் என்று பிறவினையில் கேளுங்கள்.